பெட்ரோல் சுமந்த சிறு கப்பல்கள்: பட்டாப்ஸ்கோ வரிசையின் பணி வரலாறு



பசிபிக் போரைப் பற்றி நம் பள்ளிகளில் கற்பிக்கும்போது பெயர் பெற்ற போர்க்கப்பல்களையும் விமானந்தாங்கிகளையும் கூறிக் கடந்துவிடுகிறோம். அந்த விமானங்களுக்குப் பெட்ரோல் எவ்வாறு வந்தது என்ற வினாவை எந்தப் பாடநூலும் எழுப்புவதில்லை. நடுக்கடலில் கிடக்கும் ஒரு பவளத்தீவில் விமானத் தளம் அமைத்துவிட்டார்கள் என்று படிக்கிறோம். அத்தீவில் எண்ணெய்க் கிணறும் இல்லை, துறைமுகமும் இல்லை, கரையில் நிற்க ஒரு மரப்பாலமும் இல்லை. அங்கே நாள்தோறும் நூறு விமானங்கள் எழுந்து பறந்தன என்றால் யாரோ அவற்றுக்கு உணவூட்டியிருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்த சிறு கப்பல்களின் வரிசை ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அமெரிக்கக் கடற்படை அவற்றுக்கு ஏ.ஓ.ஜி. என்ற குறியீட்டை வழங்கியிருந்தது. அமெரிக்கர் ‘கேசலின்’ என்று சொல்வதை நாம் பெட்ரோல் என்கிறோம். ஆகவே இவ்வுரையில் பெட்ரோல் என்றே குறிப்பிடுவேன்.

எண்ணெயைக் கப்பலில் மொத்தமாக ஏற்றிச் செல்லும் வரலாறு நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. 1892ஆம் ஆண்டில் ‘மியூரெக்ஸ்’ என்னும் கப்பல் கருங்கடற்கரையின் பாத்தூமில் மண்ணெண்ணெயைத் தன் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு, சூயஸ் கால்வாய் வழியே சிங்கப்பூரின் புக்கோம் தீவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் மண்ணெண்ணெய் தகர டின்களில் அடைக்கப்பட்டு, மரப்பெட்டிகளில் வந்துகொண்டிருந்தது. டின்னிலிருந்து தொட்டிக்கு மாறியதுதான் அன்றைய புரட்சி. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், போர் மூண்டபோது, அதே எண்ணெய்தான் போருக்கான காரணங்களுள் ஒன்றாகவும் ஆனது. 1941 ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்கா சப்பானுக்கு எண்ணெய் ஏற்றுமதியைத் தடைசெய்தது. 1942 பிப்ரவரி 14ஆம் நாள் சப்பானிய வான்குடைப் படையினர் சுமத்திராவின் பலெம்பாங்கில் குதித்ததும் அங்கிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைக் கைப்பற்றுவதற்காகவே. மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது. நம் முன்னோர் கண்ட அந்த வீழ்ச்சியை எண்ணெயை விலக்கிவிட்டு விளக்க முடியாது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

எண்ணெய்ப் பற்றாக்குறை சப்பானியருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. உலகிலேயே மிகுதியாக எண்ணெய் எடுத்த நாடு அமெரிக்கா. ஆயினும் 1942 அக்டோபரில், சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில், அமெரிக்க விமானங்கள் பெட்ரோலின்றித் தரையில் நின்றன. அக்காட்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பெட்ரோல் கப்பல் என்றொரு தனி இனம் ஏன் வேண்டியிருந்தது என்பதை அதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி வேறில்லை.

1942 ஆகஸ்டு 7ஆம் நாள் அமெரிக்கப் படையினர் குவாடல்கனாலில் இறங்கி, சப்பானியர் கட்டிக்கொண்டிருந்த விமானத் தளத்தைக் கைப்பற்றி, அதற்கு ஹென்டர்சன் தளம் என்று பெயரிட்டனர். அக்டோபர் 13ஆம் நாள் இரவில் கொங்கோ, ஹருனா என்னும் இரண்டு சப்பானியப் போர்க்கப்பல்கள் கரையை நெருங்கி, 14 அங்குலக் குண்டுகளை அத்தளத்தின்மீது பொழிந்தன. விடிந்தபோது விமானங்கள் பலவும் சிதைந்திருந்தன. அதனினும் கொடிய இழப்பாக, சேமித்து வைத்திருந்த பெட்ரோலின் பெரும்பகுதி எரிந்துபோயிருந்தது. எஞ்சிய விமானங்களைப் பறக்கவைக்க, சேதமுற்று நின்ற பி-17 குண்டுவீச்சு விமானங்களின் தொட்டிகளிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுத்தனர். சேற்றிலும் புதரிலும் முன்பு ஒளித்து வைத்து மறந்துபோன பீப்பாய்களைத் தேடிப் பிடித்தனர்.

வெளியிலிருந்து பெட்ரோல் கொண்டுவர என்னென்ன செய்தனர் என்று பார்க்கும்போதுதான் அன்றைய நெருக்கடி விளங்கும். சி-47 என்னும் சரக்கு விமானங்களில் பீப்பாய்களை ஏற்றிப் பறந்து வந்தனர். ஒரு விமானத்தில் 12 பீப்பாய்களே கொள்ளும்; அவ்வளவு பெட்ரோலும் 12 போர் விமானங்கள் ஒரு மணி நேரம் வானில் நிற்பதற்குத்தான் போதும். பெட்ரோல் ஏற்றிய மிதவைப் படகுகளை இழுத்துக்கொண்டு புறப்பட்ட ஒரு சிறு தொடர், அக்டோபர் 15ஆம் நாள் சப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளானது. காவலுக்கு வந்த ‘மெரிடித்’ என்னும் நாசகாரிக் கப்பல் மூழ்கியது. கடலில் மிதந்துகொண்டே மீட்புக்காகக் காத்திருந்தோருள் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள், கரையோரம் நின்று 40,000 கேலன் பெட்ரோலை இறக்கிக்கொண்டிருந்த ‘மெக்ஃபார்லண்ட்’ குண்டுவீச்சில் கடுமையாகச் சேதமுற்றது. இறுதியாக, ‘ஆம்பர்ஜாக்’ என்னும் நீர்மூழ்கியில் 9,000 கேலன் பெட்ரோலை நிரப்பி அனுப்பினர். நீர்மூழ்கியைப் பெட்ரோல் வண்டியாக ஓட்டிய கதை அது. நான்கு வழிகளும் துணிவில் குறைந்தவை அல்ல. ஆனால் எதுவும் ஒரு விமானத் தளத்தைத் தொடர்ந்து நடத்தப் போதுமானதாக இல்லை.

பெரிய எண்ணெய்க் கப்பல்களை அனுப்பியிருக்கலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். போர்க்காலத்தில் அமெரிக்கா நூற்றுக்கணக்கில் கட்டிய டி-2 வகை எண்ணெய்க் கப்பல் 523 அடி நீளமுடையது. முழுச்சுமையோடு 30 அடி ஆழத்துக்கு நீரில் அமிழும். பவளப் பாறைகள் சூழ்ந்த தீவுக் கழிக்குள் அது நுழைய இயலாது. வெளியே நின்றால் நீர்மூழ்கிகளுக்கு இரையாகும். கடற்படையின் பெரிய எண்ணெய்க் கப்பல்களோ, போர்க்கப்பல்களின் கொதிகலன்களுக்கு வேண்டிய கனமான உலை எண்ணெயைச் சுமப்பவை. விமானத்துக்கு வேண்டிய 100 ஆக்டேன் பெட்ரோல் முற்றிலும் வேறு பொருள். கடற்படையின் விரைவுப் படகுகளும் அதே பெட்ரோலைத்தான் குடித்தன. ஒவ்வொரு படகின் தொட்டியும் 3,000 கேலன் கொள்ளும். ஆகவே ஆழமற்ற நீரில் செல்லவும், தன் சொந்த எக்கிகளால் பெட்ரோலைக் கரைக்கு அனுப்பவும், வந்தால் விமானத்தைச் சுடவும் வல்ல சிறு கப்பல் ஒன்று தேவைப்பட்டது.

பட்டாப்ஸ்கோ வரிசை அந்தத் தேவைக்கென்றே பிறந்தது. முதற்கப்பலான ‘பட்டாப்ஸ்கோ’ 1942 ஆகஸ்டில் நீரில் இறக்கப்பட்டு, 1943 பிப்ரவரியில் பணியில் அமர்த்தப்பட்டது. அதாவது, குவாடல்கனால் பெட்ரோலுக்குத் தவித்த அக்டோபரில் அக்கப்பல் இன்னும் கட்டுமானத் தளத்திலேயே நின்றுகொண்டிருந்தது. இவ்வரிசைக் கப்பல்கள் ஏறத்தாழ 311 அடி நீளம். அகலம் 48 அடிக்குச் சற்று மேல். முழுச்சுமையோடும் 16 அடிக்குள்ளேயே அமிழ்ந்தன. டீசல் பொறிகளால் மணிக்கு ஏறத்தாழ 14 கடல் மைல் வேகத்தில் ஓடின. நான்கு 3 அங்குலப் பீரங்கிகளும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் பொருத்தப்பட்டிருந்தன. ஏறத்தாழ 130 பேர் அதில் பணியாற்றினர். மொத்தச் சுமைத்திறன் 2,200 டன் அளவில் இருந்தது. அதில் 1,500 டன் மட்டுமே பெட்ரோல் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், அது 10,000 பீப்பாய்களுக்கு ஈடாகும். ‘ஹெல்கேட்’ போர் விமானத்தின் உள்தொட்டி 250 கேலன் கொள்ளும். அப்படியானால் ஒரே நடையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை ஹெல்கேட்டின் தொட்டியை நிரப்பலாம். கணித ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்துபார்க்கலாம். ஒரு பீப்பாய் ஏறத்தாழ 170 கிலோ எடை. பத்தாயிரம் பீப்பாய்களை மணற்கரையில் உருட்டியேற்ற எத்தனை தோள்கள் வேண்டும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மொத்தம் 23 கப்பல்கள் கட்டப்பட்டன. முதல் ஐந்தும் மேற்குக் கரையில், சியாட்டில்-டக்கோமா நிறுவனத்தின் தளத்தில் உருவாயின. மீதிப் பதினெட்டும் கட்டப்பட்ட இடத்தைக் கேட்டால் வியப்பீர்கள். அவ்விடம் கடலிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவில், மினசோட்டா மாநிலத்தின் சாவேஜ் என்னும் சிற்றூரில், ஓர் ஆற்றங்கரையில் இருந்தது. கட்டியவர்கள் தானிய வணிகர்கள். 1865இல் தொடங்கப்பட்ட கார்கில் நிறுவனம் கோதுமை வாங்கி விற்பதைத் தொழிலாகக் கொண்டது. தன் தானியத்தை ஏற்றிச் செல்லத் தானே மிதவைகளையும் கப்பல்களையும் கட்டிப் பழகியிருந்தது. கடற்கரைத் தளங்கள் யாவும் போர் வேலையால் நிறைந்திருந்த நிலையில், கடற்படை இந்நிறுவனத்தை நாடியது. மினசோட்டா ஆற்றை ஏறத்தாழ 14 மைல் தொலைவுக்கு ஆழப்படுத்தினர். உழவர் பிள்ளைகளும், அதற்குமுன் கடலையே பார்த்திராதவர்களும் பற்றவைப்புக் கருவியை ஏந்தினர். கட்டிமுடித்த கப்பல் மினசோட்டா ஆற்றில் இறங்கி, மிசிசிப்பியில் கலந்து, அணைகளின் மதகுகளையெல்லாம் கடந்து, மெக்சிகோ வளைகுடாவை அடையும். சாவேஜில் கட்டிய முதற்கப்பலான ‘அகவாம்’ 1943இல் நீரில் இறங்கியது. அவ்வூர் அதற்குமுன் உலகுக்குத் தெரிந்ததெல்லாம் டான் பேட்ச் என்னும் பந்தயக் குதிரையால்தான். குதிரையின் உரிமையாளர் பெயரையே ஊரும் தாங்கியிருக்கிறது.

பெயர்களைப் பற்றி மொழி மன்றத்தின் மேடையில் ஒரு சொல் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இக்கப்பல்களுக்கு ஆறுகளின் பெயர்களைச் சூட்டுவது கடற்படை மரபு. பட்டாப்ஸ்கோ, செஹாலிஸ், நமகாகன், டோம்பிக்பி, கிஷ்வாக்கி என்று அப்பட்டியலைப் படித்துப்பாருங்கள். பெரும்பாலானவை அமெரிக்கப் பழங்குடிகளின் மொழிகளிலிருந்து வந்தவை. செஹாலிஸ் என்பது ஓர் ஆற்றின் பெயராக இருப்பதோடு, இன்றும் வாழும் ஒரு மக்களின் பெயருமாகும். நிலத்தை இழந்த மக்களின் சொற்கள் வரைபடத்தில் ஆறுகளாகத் தங்கின. அங்கிருந்து போர்க்காலக் கப்பல்களின் முகப்புக்கு ஏறின.

இனி இக்கப்பல்களில் பணியாற்றியவர்கள் எதிர்கொண்ட ஆபத்தின் இயல்பைக் காண்போம். உலை எண்ணெயில் எரியும் தீக்குச்சியை எறிந்தாலும் அது எளிதில் பற்றாது. அதை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால்தான் பற்றும் அளவுக்கு ஆவி எழும். பெட்ரோலோ, உறைநிலைக்கு 40 பாகை கீழேயே பற்றும் ஆவியை வெளியிடத் தொடங்கிவிடுகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழுந்து கலைந்துபோகாமல், கப்பலின் அடித்தளங்களில் தண்ணீர்போலத் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழு பங்கு வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு சிறு பொறியே வெடிப்புக்குப் போதும். இதிலிருந்து நம் பொது அறிவுக்கு மாறான ஓர் உண்மை பிறக்கிறது: நிறைந்த தொட்டியைவிட, பெட்ரோலை இறக்கி முடித்த வெற்றுத் தொட்டியே அதிக அச்சத்துக்குரியது. நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடமில்லை. வெற்றுத் தொட்டியில் காற்றும் ஆவியும் வெடிப்பதற்கேற்ற விகிதத்தில் கலந்துவிடக்கூடும். பகைவர் விமானம் தென்படாத நாளிலும், போர் முடிந்த பின்னும், பெட்ரோல் கப்பலின் மாலுமிக்குப் போர் முடிவதில்லை.

போரில் இக்கப்பல்கள் நியூ கலிடோனியாவிலிருந்து சாலமன் தீவுகளுக்கும், பின்னர் போர்முனை வடக்கே நகர நகர அதன் பின்னேயும் பெட்ரோலைக் கொண்டுசென்றன. இந்த நடைகளைத் தனித்தனியாகச் சொல்வதில் பயனில்லை. ஏற்றுவது, கடப்பது, நங்கூரமிடுவது, மிதக்கும் குழாயை இணைப்பது, இறக்குவது, திரும்புவது, மாதக்கணக்கில் இதுவே. பட்டாப்ஸ்கோ வரிசையின் 23 கப்பல்களில் ஒன்றுகூடப் போரில் மூழ்கவில்லை. இவற்றினும் சிறியதாகிய, 220 அடி நீளமுள்ள மற்றொரு வகைப் பெட்ரோல் கப்பல்களும் கடற்படையில் இருந்தன. அவற்றுள் ‘ஷீப்ஸ்காட்’ என்பது 1945 ஜூனில் இவோ ஜீமாவின் கரையருகே தரைதட்டிக் கவிழ்ந்தது. அத்தீவைக் கைப்பற்றும் போர் அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது.

போருக்குப் பின் ‘பட்டாப்ஸ்கோ’ 1946இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. கொரியப் போர் மூண்டதும் 1950இல் மீண்டும் அழைக்கப்பட்டது. 1954 பிப்ரவரி இறுதியில் அது மார்ஷல் தீவுகளின் எனிவெடாக்கில் நின்றது. அருகிலுள்ள பிகினித் தீவில் அணுகுண்டுச் சோதனை ஒன்றுக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. கதிர்வீச்சுத் துகள் படிந்தால் மேல்தளத்தைக் கழுவித் தூய்மையாக்கும் நீர்த்தெளிப்பு அமைப்பு ‘பட்டாப்ஸ்கோ’வில் இல்லை. ஆகவே பிப்ரவரி 27ஆம் நாள் அது விரைந்து பேர்ல் துறைமுகத்துக்குத் திரும்புமாறு ஆணையிடப்பட்டது. ஆணை முறையானதே. ஆனால் பொறியின் உருளை உறை ஒன்று விரிசல் கண்டது. வேகம் வெகுவாகக் குறைந்தது. மார்ச்சு 1ஆம் நாள் அதிகாலை ‘பிராவோ’ என்னும் குண்டு வெடித்தபோது கப்பல் பிகினிக்குக் கிழக்கே 200 கடல் மைலுக்கும் குறைவான தொலைவிலேயே இருந்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு ஆற்றலோடு, 15 மெகாடன் அளவில், அக்குண்டு வெடித்தது.

மறுநாள் பிற்பகலில் கப்பலின்மீது துகள்கள் விழத் தொடங்கின. அப்போது அது வெடித்த இடத்திலிருந்து 560 கடல் மைலுக்கும் அப்பால் சென்றுவிட்டிருந்தது. கதிர்வீச்சை அளக்கும் கருவி கப்பலில் இல்லை. துகள்கள் தீங்கற்றவை என்று கருதப்பட்டமையால் தூய்மைப்படுத்தும் முயற்சியும் நடைபெறவில்லை. பேர்ல் துறைமுகத்தை அடைந்த பின்னரே அளந்துபார்த்தனர். கப்பலில் இருந்தோர் ஒவ்வொருவரும் எவ்வளவு கதிர்வீச்சை ஏற்றிருப்பர் என்று பின்னாளில் செய்யப்பட்ட மதிப்பீடுகள் 3.3 ரான்ட்ஜனில் தொடங்கி 18 ரான்ட்ஜன் வரை வேறுபடுகின்றன. இரண்டுக்கும் இடையே ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட இடைவெளி. உரிய நேரத்தில் ஓர் அளவுகருவி இல்லாமற்போனதன் விலை அது. அணுச்சோதனைகளில் கதிர்வீச்சுக்கு ஆளான படையினருக்கு இழப்பீடு வழங்கும் சட்டத்தை அமெரிக்கா 1988இல்தான் இயற்றியது. அதற்குள் முப்பத்து நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன.

அதே துகள்மழையில் நனைந்த சப்பானிய மீன்பிடிக் கப்பல் ‘ஐந்தாம் லக்கி டிராகன்’ உலகறிந்தது. அதன் 23 மீனவர்களும் நோயுற்றனர். அவர்களுள் வானொலி இயக்குநர் குபோயாமா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். அக்கப்பல் இன்று தோக்கியோவில் காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ரொங்கெலாப் தீவின் மக்கள் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். இவற்றோடு ஒப்பிட, அமெரிக்கப் பெட்ரோல் கப்பல் ஒன்றும் அதே துகள்களைச் சுமந்தது என்பது பலருக்கும் தெரியாது. துன்பத்தின் அளவில் மூன்றும் சமம் என்று நான் சொல்லவில்லை. ரொங்கெலாப் மக்களின் இழப்பே அவற்றுள் பெரிது. ஆனால் குண்டை வெடித்த நாடே தன் மாலுமிகளைக் காக்கவில்லை என்பது அந்தச் சோதனையின் தன்மையை விளக்கும் சான்று.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. இத்தகைய கப்பல்களின் பணி வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் நாடுவது, 1959 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் வரலாற்று அகராதி. ஆறு எதன் பெயர், எங்கே கட்டப்பட்டது, யார் நீரில் இறக்கிவைத்தார், எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்குச் சென்றது, எத்தனை போர் விண்மீன் பெற்றது என்று ஒரே அச்சில் வார்த்ததுபோல ஒவ்வொரு பதிவும் அமைந்திருக்கும். மிகப் பயனுள்ள நூல் அது. அதனை நம்பி எழுதலாம். ஆயினும் அது கப்பலை எழுவாயாகக் கொண்ட நூல். கப்பல் ‘சென்றது’, ‘இறக்கியது’, ‘திரும்பியது’ என்றே வாக்கியங்கள் முடியும். மாண்டோர் எண்ணிக்கையாக வருவர். பெயராக வருவது அரிது. விமானங்களைச் சுட்டு வீழ்த்திய கப்பலுக்கு நீண்ட பதிவும், பத்தாண்டுகள் பெட்ரோல் சுமந்த கப்பலுக்குச் சில பத்திகளும் கிடைக்கும். மாணவர்களிடம் ஒரு பதிவைக் கொடுத்து, இந்த வாக்கியத்தின் எழுவாயை மாற்றி மனிதரை வைத்து எழுதிப்பாருங்கள் என்று சொன்னால், வரலாற்றுப் பாடமும் இலக்கணப் பாடமும் ஒரே நேரத்தில் நடந்துவிடும்.

இவ்வரிசைக் கப்பல்களின் பிற்காலம் பல கொடிகளின்கீழ்க் கழிந்தது. ‘நமகாகன்’ 1962இல் நியூசிலாந்துக்கு வழங்கப்பட்டு, ‘என்டவர்’ என்ற புதுப் பெயரோடு அன்டார்க்டிக்காவின் ஆய்வுத் தளங்களுக்கு எரிபொருள் கொண்டுசென்றது. வெப்ப மண்டலத் தீவுகளுக்கெனக் கட்டிய கப்பல் பனிக்கட்டிகளுக்கிடையே வழிதேடியது. அதன்பின் அது தைவானுக்குச் சென்றது. ‘டோம்பிக்பி’யும் ‘நாச்சாக்’கும் கிரேக்கக் கடற்படையில் சேர்ந்தன, ‘ஜெனிசி’ சிலிக்குப் போனது. அதற்குமுன் இவற்றுள் சில வியட்நாம் போரிலும் வேலை செய்தன. நல்ல துறைமுகம் இல்லாத கரை, கரையோரம் ஒரு விமானத் தளம், கடலிலிருந்து குழாய்வழிப் பெட்ரோல் என்று அங்கேயும் பழைய சிக்கலே மீண்டும் எழுந்தது. ஓய்வில் கிடந்த ‘பட்டாப்ஸ்கோ’வை 1966இல் எழுப்பி அங்கே அனுப்பினர். முடிவில் அது தனியாரிடம் விற்கப்பட்டு, ‘ஆர்க்டிக் ஸ்டார்ம்’ என்னும் மீன்பிடிக் கப்பலாக மாறியது.

காலவரிசைப்படி முன்பே வந்திருக்க வேண்டிய ஒரு கப்பலை வேண்டுமென்றே இறுதிக்கு வைத்தேன். ‘செஹாலிஸ்’ சாவேஜில் கட்டப்பட்டது. 1944 ஏப்ரலில் நீரில் இறங்கி, அவ்வாண்டு டிசம்பரில் பணியில் அமர்ந்தது. போரின் கடைசி மாதங்களில் பசிபிக்கில் பெட்ரோல் சுமந்து, போர் முடிந்த பின்னும் ஓய்வு பெறாமல், தீவுகளுக்கிடையே அதே வேலையைத் தொடர்ந்தது. 1949 அக்டோபர் 7ஆம் நாள் அமெரிக்கச் சமோவாவின் டுட்டுயிலாத் தீவில், பாகோ பாகோ துறைமுகத்தில் அது நின்றிருந்தபோது, பெட்ரோல் தொட்டி ஒன்று வெடித்தது. ஆறு மாலுமிகள் உயிரிழந்தனர். தீப்பிடித்த கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. அப்போது அங்கே போர் இல்லை, பகைவர் இல்லை. பட்டாப்ஸ்கோ வரிசையில் பணியிலிருக்கும்போதே அழிந்த கப்பல் இது.

பாகோ பாகோ, பழைய எரிமலையின் வாய் உடைந்து கடல் புகுந்ததால் உண்டான துறைமுகம். கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே ஆழம் மிகுதி. ‘செஹாலிஸ்’ சரிந்து இறங்கி, ஏறத்தாழ 160 அடி ஆழத்தில், எரிபொருள் இறக்கும் துறைக்கு அருகிலேயே தங்கிவிட்டது. அதன் தொட்டிகள் சிலவற்றில் விமானப் பெட்ரோல் இன்னமும் இருந்தது. அத்துறைமுகத்தின் கரையில் மக்கள் வாழ்கிறார்கள். சூரை மீனை டின்களில் அடைக்கும் ஆலை இயங்குகிறது. தீவுக்கு வேண்டிய எரிபொருள் முழுவதும் அத்துறை வழியேதான் வந்து சேர்கிறது. 1951 வரை அத்தீவுகளை ஆண்ட கடற்படை, தன் கப்பலை நீருக்கடியில் விட்டுவிட்டே நிர்வாகத்தை ஒப்படைத்தது. எஃகு உப்புநீரில் நாளுக்கு நாள் மெலியும் என்பது கப்பல் கட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த செய்தி. மெலிந்து மெலிந்து ஒருநாள் தொட்டி திறந்துகொண்டால், எழும் ஆவி எரிபொருள் துறையின் அடியிலேயே பரவும். 2009 செப்டம்பரில் ஆழிப்பேரலை அத்துறைமுகத்தைத் தாக்கியபோதும் அப்பெட்ரோல் கீழேதான் இருந்தது.

2010இல் அமெரிக்கக் கடற்படையின் மூழ்காளிகள் அங்கே இறங்கினர். கவிழ்ந்து கிடந்த உடலில் துளையிட்டு, தீப்பொறி எழாதவாறு குழாய்களை இணைத்து, தொட்டி தொட்டியாக உறிஞ்சி எடுத்தனர். ஏறத்தாழ 60,000 கேலன் பெட்ரோல் வெளிவந்தது. குவாடல்கனாலில் குண்டுவீச்சுக்கிடையே ‘மெக்ஃபார்லண்ட்’ இறக்க முயன்றதைவிட அது ஒன்றரை மடங்கு. சாவேஜின் ஆற்றங்கரையில் உழவர்கள் பற்றவைத்த தகடுகள் அறுபத்தோராண்டுகள் அதை அடைத்து வைத்திருந்தன. கப்பலின் உடலை மேலே எடுக்கவில்லை.